ஓட்டையே இல்லாத டியூப்

சனிக்கிழமை காலை 8:52க்கு என் மகன் போன் பண்ணினான். "அப்பா, மாமா சேத்துல மாட்டிக்கிட்டாரு. டியூப்ல காத்து போயிருச்சு." அவன் சொன்னதில் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி தப்பு. ஆனால் அந்தத் தப்பைத்தான் அடுத்த இரண்டு வாரம் எங்கள் வீட்டில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம், நானும் சேர்த்துத்தான்.

நான் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. யாராவது விரலை நசுக்கிக்கொண்டால் மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிக்கை எழுதுவது என் பிழைப்பு. வீட்டு விஷயத்தைத் தமிழில் எழுதுவது இதுதான் முதல் தடவை. மச்சானிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க அத்தான், ஆனா என் வெயிட்ட மட்டும் போட்டுறாதீங்க" என்றான். மன்னிக்கணும் தம்பி: 92 கிலோ.

முதலில் பொருளைப் பற்றிக் கொஞ்சம். ஃப்ளோட் டியூப் என்பது ஒரு ஆள் உட்கார்ந்து மீன் பிடிக்கும் காற்று மிதவை. பழைய காலத்தில் லாரி டியூபில் கித்தான் இருக்கை கட்டி உட்கார்ந்தார்கள். இப்போது வருவது குதிரை லாட வடிவம்: இரண்டு பக்கமும் இரண்டு கைகள், பின்னால் முதுகுச் சாய்வு, நடுவில் இருக்கை, முன்பக்கம் திறப்பு. மேலே தடித்த நைலான் உறை, அதற்குள் ஜிப்புக்குள்ளே தனித்தனிக் காற்றுப் பைகள். இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. ஒரு பை போனாலும் மற்றவை தாங்கும், அதற்காகத்தான் இந்தப் பிரிவு. துடுப்பு கிடையாது. காலில் வாத்துக்கால் மாதிரி அகலமான ஃபின்ஸ் மாட்டிக்கொண்டு உதைக்க வேண்டும். உதைத்தால் முன்னால் போகாது, பின்னால் போகும். அதாவது நாம் பார்க்கும் திசைக்கு நேர் எதிராக, முதுகைக் காட்டிக்கொண்டு பயணம். இடுப்புக்குக் கீழே முழுக்கத் தண்ணீருக்குள். இதைப் படகு என்று நினைப்பவர்கள் முதல் தப்பை அங்கேயே செய்துவிடுகிறார்கள்.

இடம், கோலாலம்பூருக்கு அருகே பூச்சோங் பக்கம் ஒரு பழைய ஈயச் (வெள்ளீயச்) சுரங்கக் குளம். மலாயில் லொம்போங் என்பார்கள், எங்கள் பேச்சிலும் அதே சொல்தான். 1985இல் ஈய விலை சரிந்த பிறகு கிள்ளான் பள்ளத்தாக்கில் கைவிடப்பட்ட சுரங்கங்கள் பலவும் இப்படித் தண்ணீர் நிரம்பிக் கிடந்தன. சன்வே லகூனும் மைன்ஸ் ஏரியும் ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய பள்ளங்கள்தான். மிச்சமிருக்கும் குளங்களில் தோமானும் பீகாக் பாஸும் ஹருவானும் வளர்கின்றன. கரையிலிருந்து எறிந்து எட்டாத மீனை எட்டத்தான் மச்சான் இந்த டியூபை வாங்கினான்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு செந்தூலில் எங்கள் வீட்டு கார் நிறுத்தும் இடத்தில் காற்றடித்தான். விடியற்காலை இருட்டில் பம்ப்போடு மல்லுக்கட்ட வேண்டாமே என்று முன்கூட்டியே வேலையை முடித்துக்கொண்டான். கார் டயருக்குக் காற்றடிக்கும் 12 வோல்ட் கம்ப்ரஸர், அதற்கு ஒரு பிளாஸ்டிக் முனை. டியூபின் உறையில் 2 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று அச்சடித்திருந்தது. கம்ப்ரஸரின் முள் 2இல் நின்றது. கூட்டாளியின் ஹைலக்ஸ் பிக்கப் வண்டியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டி வைத்தான். மறுநாள் 6:50க்குக் குளத்தில் இருந்தார்கள், அவனும் என் பதினான்கு வயது மகனும்.

மேற்குக் கரையில் இறங்கினான். கார் நிற்கும் இடம் அது, வெள்ளை மணல், கால் வைத்தால் உறுதி. இறங்கும் முறையை வீடியோ பார்த்துச் சரியாகவே செய்தான். தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்து ஃபின்ஸ் மாட்டி, டியூபுக்குள் நின்று, பின்பக்கமாக நடந்து, தொடையளவு தண்ணீர் வந்ததும் உட்கார்ந்தான். முன்னால் குறுக்கே ஒரு கம்பி இருக்கும், டியூபின் இரண்டு கைகளும் உள்ளே மடங்காமல் பிடித்துக்கொள்ள. அதைப் பூட்டினான். லைஃப் ஜாக்கெட்? இருந்தது. முதுகுச் சாய்வுக்குப் பின்னால் ரப்பர் கயிற்றில் கட்டி வைத்திருந்தான். "போட்டா புழுங்குது அத்தான், எறியறப்ப தோள்பட்டையில இடிக்குது."

7:20க்கு என் மகன் ஒரு படம் எடுத்தான். 8:27க்கு இன்னொன்று: பீகாக் பாஸ் ஒன்றைத் தூக்கிக்காட்டிக்கொண்டு மச்சான், குளத்தின் நடுவையும் தாண்டி, கரையிலிருந்து சுமார் 250 மீட்டர் தூரத்தில். குளத்தின் கிழக்கு மேற்கு நீளமே 400 மீட்டர்தான். 8:34க்குக் காற்று மாறியது.

ஜூலை மாதம் அது. தென்மேற்குப் பருவத்தில் சுமத்ரா என்று ஒரு காற்று மழை உண்டு. சுமத்ரா தீவின் மேலும் மலாக்கா நீரிணையின் மேலும் இரவில் வரிசையாகத் திரண்டு, கிழக்கே நகர்ந்து, விடியற்காலையிலும் காலையிலும் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் அடிக்கும். மழையைவிட அதற்கு முன்னால் வரும் குளிர்ந்த காற்றுதான் வேகம். மேற்கே கறுத்த ஒரு பட்டை தாழ்வாகத் தெரியும், ஆனால் அன்று மேற்குக் கரை மரங்கள் அதை மறைத்துவிட்டன. அப்படியே தெரிந்தாலும் மச்சான் பார்த்திருப்பானா என்பது சந்தேகம். கையில் மீன்.

மேற்கிலிருந்து அடித்த காற்றை எதிர்த்துத் திரும்ப உதைத்தான். இங்கே டியூபின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். மேற்கே போக வேண்டுமென்றால் முதுகு மேற்கே இருக்கும். அந்த உயரமான முதுகுச் சாய்வு முழு அகலத்தையும் காற்றுக்குக் காட்டிக்கொண்டு பாய் மாதிரி நிற்கும். முகமோ கிழக்கே. ஆக, பத்து நிமிடம் மூச்சிரைக்க உதைத்துக்கொண்டே, கண்ணுக்கு முன்னால் கிழக்குக் கரை நெருங்கி நெருங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வண்டிய ரிவர்ஸ்ல போட்டு மிதிக்கிறேன், அது முன்னால போகுது அத்தான்" என்று பிற்பாடு சொன்னான். அந்தப் பத்து நிமிடத்தில்தான் டியூப் தொளதொளவென்று இருப்பதை முதல் தடவையாகக் கவனித்தான். கை வைத்த இடம் அமுங்கியது. ஓட்டை என்று முடிவு கட்டிவிட்டான்.

பயம் பிடித்தவன் கிடைத்த கரையில் ஏறப் பார்ப்பான். 8:46 வாக்கில் கிழக்குக் கரையைத் தொட்டதும் எழுந்து நின்று, கரையைப் பார்த்தபடியே ஒரு அடி எடுத்து வைத்தான்.

சுரங்கத்தில் ஈயத்தைக் கழுவிய பிறகு மிஞ்சும் கழிவு இரண்டு வகை. கனமான மணல் ஒரு பக்கம் படியும், அது வெளுத்து உறுதியாகக் கிடக்கும். மெல்லிய களிக்குழம்பு தண்ணீரோடு ஓடி வேறொரு பக்கம் தேங்கும். சாம்பல் நிறத்தில், மேலே லேசாகக் காய்ந்து புல்கூட முளைத்திருக்கும், கால் வைத்தால் உள்ளே இழுக்கும். கிழக்குக் கரை இந்த இரண்டாவது வகை. ஃபின்ஸ் போட்ட கால் முழங்கால்வரை இறங்கியது. தூக்கப் பார்த்தால் அந்த அகலத் தட்டு சேற்றை அப்படியே கவ்விக்கொண்டு வர மறுத்தது. முன்கம்பியை அவிழ்க்கவில்லை, அது இடுப்பில் இடித்தது. கம்பிக்கு மேலே குப்புற விழுந்தான். பின்னாலிருந்து காற்று டியூபைத் தூக்கி அவன் முதுகில் ஏற்றியது. முகம் தண்ணீரில். லைஃப் ஜாக்கெட் அவனுக்கு மேலே, டியூபோடு, பத்திரமாகக் கட்டப்பட்டு.

எப்படியோ கையை ஊன்றி முகத்தைத் தூக்கினான். நல்ல வேளையாக அந்தப் பக்கம் கரைப் பாதையில் இரண்டு சீன அங்கிள்கள் மழைக்குப் பயந்து சாமானைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பார்த்துவிட்டு, "ஜாங்கான் கெராக்! பாரிங்!" என்று கத்தினார். அசையாதே, படு. எனக்குத் தெரிந்து அன்றைக்கு அந்தக் குளத்தில் சொல்லப்பட்ட ஒரே சரியான அறிவுரை அதுதான். மச்சான் கம்பியை அவிழ்த்து, டியூபைப் பிடித்து, அதன் மேல் மல்லாந்து சாய்ந்தான். எடை காலிலிருந்து டியூபுக்கு மாறியது. குதிகால் பட்டையை அவிழ்த்ததும் ஒரு கால் ஃபினை விட்டு உருவிக்கொண்டு வந்தது, பிறகு இன்னொன்று. அங்கிள் வலைக் கம்பை நீட்டி இழுத்தார். மகன் எனக்குப் போன் பண்ணியபோது இதெல்லாம் பாதி நடந்துகொண்டிருந்தது. நான் அவசர எண் 999க்கு அடிக்கச் சொன்னேன். அவன் அடித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே மாமா கரையில் ஏறிவிட்டார்.

சரி. இனி ஆய்வு.

வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் டியூபைத் திட்டினார்கள். மலிவாக வாங்கினால் இப்படித்தான் என்றார் மாமனார். நான் காற்றுப் பைகளை உருவி எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, வால்விலும் ஒட்டுகளிலும் தடவினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. குளியலறைத் தொட்டியில் அமுக்கிப் பார்த்தேன். இல்லை. ஓட்டை இருந்தால்தானே?

அப்புறம் காற்றுப் படகுக்கான குறைந்த அழுத்த மீட்டர் ஒன்று வாங்கினேன். கார் டயர் கம்ப்ரஸரின் முள் 0 முதல் 100 வரை ஓடுவது, அதில் 2 என்பது முள்ளின் தடிமனுக்குள்ளேயே அடங்கிவிடும். பிற்பகல் மூன்றரைக்கு, அதே இடத்தில், தகரக் கூரைச் சூட்டில், மூன்று பைகளிலும் சரியாக 2 பிஎஸ்ஐ அடித்து வைத்தேன். மறுநாள் காலை ஆறரைக்கு அளந்தால் 1.2. தொட்டால் அமுங்கியது. யாரும் தொடவில்லை, வால்வைத் திறக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டேன். வெயில் ஏற ஏற அது தானாக நிமிர்ந்து, மதியம் மறுபடியும் 2க்குப் பக்கத்தில் வந்து நின்றது. மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். டியூபைத் திட்டுவதை அன்றோடு விட்டார்.

கணக்கு எளிது. மீட்டர் காட்டும் 2 பிஎஸ்ஐ என்பது வெளிக்காற்றுக்கு மேலே உள்ள மிகுதி மட்டும். வெளிக்காற்றே 14.7 பிஎஸ்ஐ. ஆக உள்ளே இருப்பது 16.7. கூரைச் சூட்டில் உள்காற்று 45 டிகிரி, காலையில் குளத்தில் 28 டிகிரி என்று வையுங்கள். வெப்பத்தைத் தனிச்சுழியிலிருந்து, அதாவது மைனஸ் 273 டிகிரியிலிருந்து, கணக்கிட வேண்டும்: 318இலிருந்து 301. ஐந்து சதவீதத்துச் சொச்சம்தான் குறைவு. 16.7 என்பது 15.8 ஆகிறது. ஆனால் அதிலிருந்து 14.7ஐக் கழித்தால் மிஞ்சுவது 1.1. மொத்த அழுத்தத்தில் சிறிய இறக்கம், டியூபின் விறைப்பில் ஏறக்குறைய பாதி. கார் டயரில் இது தெரியாது, அங்கே மிகுதியே 30க்கு மேல்.

இதே கணக்கு மறுபக்கமும் வெட்டும். காலையில் குளிர்ச்சியில் விறைப்பாக அடித்துவிட்டு, பத்து மணிக்கு டியூபைக் கரை வெயிலில் போட்டுவிட்டு மாமாக் (இந்திய முஸ்லிம்) கடைக்கு ரொட்டி சானாய் சாப்பிடப் போனால், உள்காற்று 55 டிகிரிக்கு ஏறும்போது 2 என்பது மூன்றரையாகிவிடும். தையலும் ஒட்டும் அதைத் தாங்கும் என்று நம்ப முடியாது. கரை ஏறினால் கொஞ்சம் காற்றை விட்டுவிட்டு நிழலில் வைக்க வேண்டும்.

மகனின் படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் எடுத்த படத்தில் உறை மேளத்தோல் மாதிரி இழுத்துக்கொண்டு நிற்கிறது. சனிக்கிழமை 7:20 படத்தில் டியூபின் இடது கை வளையும் இடத்தில் நான்கு சுருக்கம். அப்போதே தொளதொளப்புதான். இறங்கும் முன்னால் ஒரு தடவை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

தொளதொளப்பு எவ்வளவு கெடுத்தது என்று பார்க்க, கூட்டாளியின் அடுக்ககத்து நீச்சல் குளத்தில் மச்சானை உட்கார வைத்து உதைக்கச் சொன்னேன். காவலாளி சிரித்துக்கொண்டே போனில் படம் பிடித்தார். 2 பிஎஸ்ஐயில் 25 மீட்டரை 58 வினாடியில் கடந்தான். 1.1இல் 80 வினாடி. இருக்கை தொய்ந்து இடுப்பு இறங்கிவிடுகிறது, கால் பின்னால் தள்ளாமல் கீழே தள்ளுகிறது. சரி, ஆனால் நன்றாக இருக்கும்போதே 58 வினாடி! மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். கோயில் பிரதட்சணம் வருபவர்கள் இதைவிட வேகமாக நடப்பார்கள்.

இங்கேதான் என் முடிவு வீட்டாரின் முடிவிலிருந்து விலகுகிறது. டியூப் விறைப்பாக இருந்திருந்தாலும் அன்று அவன் திரும்பியிருக்க மாட்டான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது. காலின் பலம் அப்படிப் பெருகாது. 250 மீட்டர் திரும்பி வர அமைதியான தண்ணீரிலேயே பத்து நிமிடம் வேண்டும். சுமத்ரா காற்றின் முதல் வீச்சு அத்தனை நேரம் தருவதில்லை.

காற்றை எதிர்த்துக் கிளம்பு, காற்றோடு திரும்பு என்பது ஃப்ளோட் டியூபுக்குப் பொதுவாகச் சொல்லும் விதி. அதை அப்படியே எடுத்துக்கொண்டால் கிழக்குக் கரையில் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் அங்கே சேறு. விதி எழுதியவர் எங்கள் லொம்போங்கைப் பார்க்கவில்லை. நான் இரண்டு தடவை அந்தக் குளத்தைச் சுற்றி நடந்து பார்த்துச் சொல்வது இது: மேற்கு மணல் கரையில் இறங்கலாம், ஆனால் 60 மீட்டருக்கு மேல் விலகக் கூடாது. அங்கே மரங்களின் மறைப்பும் இருக்கிறது. வடகிழக்கு மூலையில் இன்னொரு வெள்ளை மணல் துண்டு உண்டு. தள்ளிக்கொண்டு போய்விட்டால் அங்கேதான் ஏற வேண்டும். அன்று காற்றை நேருக்கு நேர் எதிர்த்து உதைத்த அந்தப் பத்து நிமிடத்தையும் காற்றுக்குக் குறுக்கே, வடக்கு நோக்கி உதைத்திருந்தால், காற்றே கிழக்கே தள்ள, அவன் அந்த மூலையில் போய் இறங்கியிருப்பான். தண்ணீரில் இறங்கும் முன்னால் அவன் அந்தப் பக்கம் போய்ப் பார்த்ததே இல்லை. ஏறும் இடத்தைப் பார்க்காமல் இறங்கியதைத்தான் என் அறிக்கையில் மூல காரணம் என்று போட்டிருக்கிறேன்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. கட்டி வைத்த ஜாக்கெட் சாமான். தோள் இடிக்கிறது என்றால் தோள் வெட்டுப் பெரிதாக இருக்கும் மீன்பிடி ஜாக்கெட் கடையில் கிடைக்கிறது.

இடி கேட்டதா என்று இரண்டு பேரையும் கேட்டேன். மச்சான் இல்லை என்றான், மகன் கேட்டது என்றான். மகனை நம்புகிறேன். கார்பன் தூண்டில் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். திறந்த நீர்ப்பரப்பில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து அதை நிமிர்த்திப் பிடித்திருப்பவனுக்கு இடி கேட்டால் கரை, கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி தண்ணீர். வானிலைத் துறையின் மைசுவாச்சா ஆப்பை இறங்கும் முன்னால் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

குடித்த தண்ணீர் இன்னொரு கவலை. எலிச் சிறுநீர் கலந்த குளத்து நீரால் வரும் காய்ச்சல் இங்கே சாதாரணமாகப் பார்க்கும் நோய்தான். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தெரியும், ஒரு மாதம் வரைகூட இழுக்கலாம். மச்சானின் முழங்காலில் சிராய்ப்பும் இருந்தது. காய்ச்சல் வந்தால் குளத்தில் விழுந்ததை முதலில் டாக்டரிடம் சொல் என்று அவன் அக்கா முப்பது நாளும் தினம் போன் பண்ணினாள். வரவில்லை.

இப்போது காற்றடிப்பது குளக்கரையில். விரிப்பைப் போட்டு, உறைக்குள் மணலும் முள்ளும் இல்லை என்று கையால் துழாவி, பைகள் முறுக்கிக்கொள்ளாமல் படுக்க வைத்து, மூன்றிலும் பாதிப் பாதி அடித்து, ஜிப்பை மூடி, உறையைத் தட்டிச் சுருக்கம் எடுத்து, பிறகு மாற்றி மாற்றி மீதியை நிரப்புகிறான். வால்வு வாயை விரலால் துடைத்துத்தான் மூடுகிறான், ஒரு மணல் துகள் போதும் கசிய. பத்து நிமிடம் டியூபைத் தண்ணீரில் மிதக்க விட்டு மறுபடி அளந்து குறைந்ததைச் சேர்க்கிறான். போன் நீர் புகாத உறையில் கழுத்தில், விசில் ஜாக்கெட்டில். ஃபின்ஸ் இரண்டுக்கும் கணுக்காலோடு கயிறு. கரை ஏறும்போது முதலில் கம்பியை அவிழ்க்கிறான், பிறகு பின்பக்கமாக உதைத்து வந்து குதிகால் மணலில் தட்டிய பிறகுதான் எழுகிறான்.

மீட்டர் என் மகன் கையில். கரையில் சும்மா நிற்பவனாக இருந்தவனுக்கு இப்போது அதுதான் வேலை, மேற்கு வானத்தைப் பார்ப்பதும். போன சனிக்கிழமை "1.8 மாமா" என்றான். "போதும்டா, நேரமாச்சு" என்றான் மச்சான். "உறையில 2ன்னு போட்ருக்கு" என்றான் மகன், பம்ப்பை நீட்டிக்கொண்டு. அந்த அங்கிளும் பக்கத்தில்தான் இருந்தார். தமிழ் புரியாவிட்டாலும் சிரித்தார். பழைய ஃபின்ஸில் ஒன்றை அவர் வலையால் துழாவி எடுத்துக் கொடுத்திருந்தார், இன்னொன்று அந்தச் சேற்றிலேயே இருக்கிறது.